மில்க் வைனும் லவ் கேக்கும்

— கொஞ்சம் பொறு அக்கா, ஊத்தாத. இந்த மில்க் வைனுக்குள்ள கோதுமை ஏதும் போட்டதோ?

— அட யேசுவே! எண்பத்திமூண்டு கலவரத்தோட போனவன், இப்பதான் நத்தார்ப் பண்டிகைக்கு வந்திருக்கிறாய் றேமண்ட். செக்பொயிண்டில நிக்கிறவனும் இப்பிடி விசாரிக்க மாட்டான்.

— கோவிக்காத இமெல்டாக்கா. லண்டன் டொக்டர் சொல்லிப்போட்டார், கோதுமை பட்டாலே என்ட குடல் புண்ணாகுதாம். சாகுமட்டும் தொடக்கூடாதாம்.

— வைனில எங்கயடா கோதுமை? சாராயம், பால், சீனி, தேசிக்காய், கறுவா, சாதிக்காய். பால் திரைஞ்ச உடன துணியில வடிச்சது. அம்மா பக்கத்தில நிண்டு சொல்லச் சொல்ல நான்தான் செய்தனான்.

— சாராயம் தென்னங்கள்ளில வடிச்சது. அப்ப பயமில்ல, ஊத்து.

— நீ எயார்போட்டில வாங்கின அந்த இனிப்புச் சாராயப் போத்தல்?

— தானியத்தில வடிச்சாலும் ஆவியோட கோதுமை வராதாம். பிறகு என்னத்தைக் கலந்தவங்கள் எண்டுதான் பார்க்கவேணும். லேபிள் வாசிச்சுத்தான் வாங்கினனான். நீயும் கொஞ்சம் குடி.

— அப்ப முந்திரிகை வத்தல் வைன்? அதுக்கு அம்மா இப்பவும் கோதுமை மாப் பாணை வாட்டி, ஈஸ்ட் தடவி, மேல மிதக்க விடுறவ.

— ஐயோ, அது வேண்டாம்.

— அந்தப் பாண் துண்டைக் களவாத் தூக்கித் திண்டிட்டு, நீயும் தம்பி பெனடிக்ட்டும் வெறியில படியில இருந்து பூசைப் பாட்டுப் பாடினது ஞாபகமே? ஜம்பட்டா வீதி முழுக்கச் சிரிச்சது.

— எதிர்வீட்டுப் புளோறன்ஸ் ஆன்ரி தலையில தண்ணி ஊத்தினவ. அந்தச் சனமெல்லாம் எங்க அக்கா?

— ஆன்ரி ஆக்கள் மெல்பேர்ன். எதிர்வீட்டில ஆர் எண்டே தெரியாது. முந்தி நத்தாருக்குக் கதவு பூட்டினதே இல்ல. இப்ப கொழும்பில தமிழர் வீட்டுக்கு நீ வந்ததுக்கும் பொலிசில பதியவேணும். ம்ம், அதை விடு. லவ் கேக் தின்னு. அதில மா இல்ல, ரவைதான்.

— ரவையும் கோதுமைதானே அக்கா.

— ரவையுமோ? நீ வாறாய் எண்டு அம்மா கையால கஜுக்கொட்டை வெட்டிப் போட்டவடா! நான் போய்ச் சொல்லுறன், உனக்குக் குடல் வருத்தமெண்டு.

— சொல்லாத. அம்மாவுக்கு மட்டும் சொல்லாத.

— ஏன்டா?

— இது பரம்பரையா வாறதாம். கூடப்பிறந்த ஆருக்கும் இருந்ததோ எண்டு டொக்டர் கேட்டவர். வயிறு ஊதி, கைகால் ஈர்க்காகி, வயித்தோட்டம் நிக்காமல்...

— பெனடிக்ட். ஆனா அது மாந்தம் எண்டல்லோ மருந்து குடுத்த பரியாரி சொன்னவர்?

— சோறு செமிக்காது, பாண் குடுங்கோ எண்டும் அவர்தான் சொன்னவர்.

— நிப்பாட்டு றேமண்ட்! பாலில ஊறவைச்சு, மடியில இருத்தி... கடைசி நாளும் ஊட்டினவ. சோத்தைக் குடுத்திருந்தால்?

— பிழைச்சிருப்பான் எண்டுதான் நினைக்கிறன். அம்மா இதோட மிச்சக் காலத்தைக் கழிக்கக்கூடாது அக்கா. என்னால தாங்கேலாது.

— சத்தம் போடாத, அடுப்படியால அம்மா வாறா.

— அம்மா! கேக்கோட வாங்கோ. எனக்குப் பெரிய துண்டா வேணும்.

— விசரா உனக்கு? றேமண்ட்!

— பேசாம இரு அக்கா. ஒரு நாளைக்குத் திண்டால் சாகமாட்டன். அம்மா, தாங்கோ.

— கேக் கருகிப்போச்சு ராசா.

— எங்க கருகினது? நல்ல பொன்னிறமா இருக்கு. தட்டை இப்பிடித் தாங்கோவன்.

— வேண்டாமெண்டுறன், கையை எடு. நான் ஒரு பிள்ளைக்கு ஊட்டினது போதும்.