பெட்டிக்குள் அழுத குழந்தை

ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"அந்தப் பெட்டி அழுதுச்சுக்கா, எனக்குப் பால் சுரந்துடுச்சு."

"இன்னாடி சொல்ற?"

"கச்சேரியில வாசிக்க எங்க வூட்டுக்காரரு சிந்தசைசர் பெட்டி வாங்கியாந்தாரு இல்ல? நேத்து ஒவ்வொரு திருகாத் திருப்பி, சத்தம் உண்டாக்கிப் பழகிக்கிட்டிருந்தாரு. நான் கொழாயடியில நிக்கிறேன், கொழந்த வீறிட்டுக் கத்துது! கொடத்தப் போட்டுட்டு ஓடினா, இவ தூளியில தூங்குறா."

"ஐயையோ!"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நனைஞ்ச ரவிக்கையப் பாத்து அவரே வெலவெலத்துப் போய்ட்டாரு. பயத்துல எல்லாத் திருகையும் மாத்திட்டாரு. எது எங்க இருந்துச்சுன்னு இப்ப அவருக்கே தெரியல."

"நல்லதாப் போச்சு."

"இன்னாக்கா நல்லது? காலையிலேருந்து அந்தச் சத்தத்தத்தான் தேடிக்கிட்டுக் கெடக்குறாரு."