கழுதைக் கட்சியும் பாதி மீசையும்

உலக மகாஜனங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், அமெரிக்காவுக்கு யார் ஜனாதிபதியாக வேண்டும் என்ற கேள்வி கடந்த தேர்தலின்போது திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து அலசி ஆராயப்பட்டது. ஆராய்ந்தவர்கள் இருவர். யானைச் சின்னக் கட்சிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கிளெமென்ட். கழுதைச் சின்னக் கட்சிக்குத் துணிக்கடை அந்தோணிமுத்து, அதாவது நான்.

இருவரும் பல காலச் சிநேகிதர்கள். அவருடைய ஒரே மகன் பிராங்கிளினை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். பையன் டெக்சாஸில் இருந்தான். வேலை போய், விசாவும் முடிந்து, ஒரு பெட்ரோல் பங்கில் சத்தமில்லாமல் ஒண்டிக்கொண்டிருந்தான். இதைக் கிளெமென்ட் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

யானைக் கட்சி வேட்பாளரோ, விசா இல்லாதவர்களைத் துரத்துவேன் என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் உள்ளே போன சமயம் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"வாத்தியாரே, ஒங்க ஆளு ஒங்க மகனையும் சேத்துத்தான வெரட்டுவாரு?"

"போடா கூறுகெட்டவனே. அவரு களவாணிப் பயலுகளத்தான் வெரட்டுவாரு. பிராங்கிளின் பூசை தவறாத பய. ஆளப் பாத்தாலே தெரியாதா அவருக்கு?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குடிமையியல் நடத்திய வாய் அது.

பந்தயம் கட்டினோம். தோற்றவன் பாதி மீசையை எடுத்துவிட்டு ஞாயிறு பூசைக்கு வர வேண்டும். யானை ஜெயித்தது, நான் தோற்றேன். சொன்ன சொல் மாறாமல் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அதோடு விட்டிருக்கலாம். கிளெமென்ட் சலூன் வாசலில் பேண்டு செட் வைத்தார். மீசை விழுவதை வீடியோ எடுத்து, கோயில் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நற்கருணை வாங்கப் போனபோது சாமியாருக்கே சிரிப்பில் உதடு துடித்தது. "கழுதைக்கு எதுக்குடா மீசை?" என்று பின்வரிசையில் கிளெமென்ட் சொன்னது பீடம் வரை கேட்டது. மாதா கோயிலே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள்.

நான் கோபப்படவில்லை. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டேன். செத்த நேரம் படுத்தேன். பிறகு கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். விசா இல்லாதவர்களைப் பற்றி அந்த நாட்டுக்குத் தகவல் கொடுக்க வசதி இருக்கிறது. கொடுப்பவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பையனின் முழுப்பெயர், பிறந்த தேதி, பங்க் இருக்கும் தெரு எல்லாம் எனக்குத் தெரியும். வருடா வருடம் பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவன் நான்.

தவக்காலத்தில் அவனைப் பிடித்தார்கள். விலங்கு மாட்டி ஏற்றிக்கொண்டு போனதை உடன் வேலை பார்த்தவன் போனில் சொன்னானாம். இன்னும் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். அவன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. கிளெமென்ட் என் கடைக்கு வந்து தோளில் சாய்ந்து அழுதார்.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான் அந்தோணி. எங்க ஆளுக்கு இது தெரியாதுடா. எல்லாம் கீழ இருக்கவனுக பண்ற வேல."

முதுகைத் தடவிக் கொடுத்தேன். பையனுக்காக ஜெபமாலை சொல்லக் கூப்பிட்டார். போய்ச் சொன்னேன்.

காட்டிக் கொடுத்தது நான்தான். ஆனால் இதைப் பழிவாங்கல் என்று சொல்வது பொருந்தாது. எந்தக் கொள்கைக்காகக் கிளெமென்ட் தொண்டை வற்றப் பேசினாரோ, அதை அவர் வீட்டிலிருந்து தொடங்கி வைத்தேன். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

இத்தனைக்கும் பிராங்கிளினும் என்னைப் போலக் கழுதைக் கட்சிதான்.