பாலத்தில் புகை தெரியவில்லை

பெட்ரோல் தட்டுப்பாட்டில் ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓடும் லோரி காலையில் லேசில் கிளம்பாது. முதலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி எஞ்சினைச் சூடாக்கி, அப்புறம்தான் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வழியில் அணைந்துபோனால் திரும்பக் கிளப்புவது பெரும் பாடு. இது தெரியாமல், ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் என்னைக் கேட்பதில் பிரயோசனமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிரைவரும் நானே, மெக்கானிக்கும் நானே. பெயர் ஸ்டானிஸ்லாஸ். வேதக்காரன். பொய் சொல்லமாட்டேன்.

ஆற்றுப் பாலத்தில் ஜப்பான்காரன் பலகை மாட்டினானே, ஞாபகம் இருக்கும். கரும்புகை விடுகிற வண்டி மேலே பறக்கும் வெள்ளைக்காரன் விமானத்துக்குச் சைகை காட்டுகிறதாம், அது நாசவேலையாம். முதல் தரம் உதை. மறுதரம் டிரைவரைச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். என் லோரியில் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிருந்தது; தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரிந்து புகையாகும். எஞ்சின் ஆயில் கிடைக்காமல் செம்பனை எண்ணெய் ஊற்றினோம். அதுவும் ரப்பர் எண்ணெயும் சேர்ந்து எரிந்தால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது.

முதல் தரம் பிடித்தபோது, கொதிக்கிற புகைக்குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். உள்ளங்கையைப் பாருங்கள். நீங்களும் அன்று பாலத்தில்தான் நின்றீர்கள். வெள்ளைக்காரன் கொடுத்த தொப்பியைக் கழற்றிவிட்டு இவன் கொடுத்ததை மாட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தொப்பி முக்கியம்.

சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதாகத் தெரியவில்லை. நான் போகத் தயாராக இல்லை. அதனால் புகைக்குழாயை வெட்டி, மேல்பக்கம் வளைத்து, லோரியின் பின்தட்டுக்குள் விட்டேன். தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயிலுக்காகச் சிகாமட் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குவதுதான் அப்போது என் வேலை; பின்தட்டுக்கு மேலே தார்ப்பாய் இருக்கிறது. சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போகிற ஆட்கள் குதித்து ஓடாமலிருக்கத் தார்ப்பாயை வெளியிலிருந்து கட்டவேண்டும் என்பது உத்தரவு. புகை உள்ளேயே சுற்றி, துணி இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ரோட்டில் ஒன்றும் தெரியாது. வெல்டிங் சுத்தமாக வந்தது.

முதல் நடையில் சிகாமட் ஸ்டேஷனில் அவிழ்த்தபோது பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். எங்கள் தோட்டத்துச் சபாபதியை இருவர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

"அண்ணே, உள்ள ஒரே பொகைண்ணே. தல கிறுகிறுங்குது. இப்படியா ஆளு ஏத்துவாங்க?" என்றான்.

"வெளிய விட்டா என் தல போயிரும்லா. ஒரு மணி நேரம் மூச்சப் புடிச்சிக்க முடியாதா ஒனக்கு?"

சிப்பாய்கள் கள்ளு மயக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஆக, உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என நான் சொல்லப்போவதில்லை.

அடுத்த நடையன்று நல்ல மழை. செல்லப்பன் ஏறும்போது அவன் பெண்சாதி கிருஷ்ணம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் மடித்துக் கொண்டுவந்தாள்.

"டிரைவர் அண்ணே, அவருக்கு எளப்பு இருக்கு. காத்து வர்ற பக்கமா ஒக்கார வைங்க."

"எல்லாம் நான் பாத்துக்கறேன், போம்மா."

மழைக்காகத் தார்ப்பாயின் இடுக்கையும் அடைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். பாதி வழியில் உள்ளேயிருந்து என் முதுகுப்பக்கத்துப் பலகையைத் தட்டினார்கள். தட்டினால் லோரியை நிறுத்துவது எங்கள் தோட்டத்து வழக்கம்தான். பாலம் பக்கத்தில் வந்துவிட்டது. நிறுத்தி அணைந்துபோனால், திரும்பக் கிளப்பும்போது வருகிற புகையை எந்தத் தார்ப்பாயும் மறைக்காது. தட்டிக்கொண்டே வந்தார்கள். அப்புறம் தட்டவில்லை. தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தில் அதிகாரி லோரியைச் சுற்றி வந்தான். பின்னால் குனிந்து பார்த்தான். என் தோளில் தட்டிக் கொடுத்தான். தோட்டத்தில் பிறந்ததிலிருந்து என் வேலையை மெச்சியது அவன் ஒருவன்தான்.

ஸ்டேஷனில் அவிழ்த்தேன். எல்லார் முகமும் சிவந்து கிடந்தது. எங்கள் லயத்து வீடுகளில் அவ்வளவு செழிப்பான முகங்களை நான் பார்த்ததே இல்லை. செல்லப்பன் மடியில் கிழங்கு பிரிக்காமல் இருந்தது. அதைக் கிருஷ்ணம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவர்கள் சயாமில் சாகப்போனவர்கள், இங்கேயே போனார்கள். உங்களுக்கும் அவர்கள்மேல் பாசம் பொங்கவில்லை. ஜப்பான்காரனுக்கு ஆள் கணக்கில் தலை குறைந்துவிட்டது, அதனால் கேட்கிறீர்கள்.

அந்தத் துணிப் பொட்டலத்தை எதற்கு மேசையில் வைத்திருக்கிறீர்கள்? என் சீட்டுக்கு அடியில் இருந்ததுதான். புது பிஸ்டன் ரிங், முழு செட். மாற்றியிருந்தால் பாலத்தில் யாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் புகை வந்திருக்காது. ஒரு நாள் வேலை. ஆனால் ரப்பர் எண்ணெயில் ஓட்டினால் சீக்கிரமே கருகி நாசமாகிவிடும் ஐயா. நல்ல பெட்ரோல் வருகிற காலத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

நல்ல பொருளை வீணாக்க எனக்கு மனசு வராது.