கிளட்ச் லிவரை அக்கா அவிழ்த்தபோது நடந்தது

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவற்றைக் காவல் நிலைய அதிகாரி கேட்டு மேலே எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தேழு. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மேலே எழுதிய பெயரைச் சொன்னால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, ‘நெட்டை மெக்கானிக்’ என்றால் கைகாட்டுவார்கள். இறந்துபோனவள் என் உடன்பிறந்த அக்கா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர், என் அத்தான். அக்கா தானாக வழுக்கி விழுந்தாளா, அத்தான் தள்ளி விழுந்தாளா என்று என்னைக் கேட்கிறார்கள். அப்போது கடையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகன். சென்ற மாதம் லாரி மோதி இறந்துவிட்டான். அவன் வண்டியின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், வளைந்துவிட்டது, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தான் அதே மாதிரி வேறொரு சேஸிஸைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, எஞ்சினை இறக்கி அதில் ஏற்றித் தரும்படி கேட்டார். யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். “எனக்கு எங்கடா ஓட்டத் தெரியும்? சத்தம் கேட்டாப் போதும்” என்றார். வேலையை எடுத்துக்கொண்டேன்.

அந்த வண்டியின் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. லிவரை அழுத்தினால் ஹோஸ் குழாய் வழியாக ஆயில் போய், எஞ்சினில் பொருத்தியிருக்கும் சின்ன சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளும். இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் மருமகன் கடையில் உட்கார்ந்து அந்த ஆயிலைத் தானே மாற்றினான். அத்தானும் அன்று கூட இருந்தார். ஆகவே, “ஆயில் லைனை மட்டும் திறந்துடாதடா, அது அவன் கையால ஊத்தினது” என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

ஹோஸைக் கழற்றாமலே எஞ்சினை இறக்கலாம். அந்தச் சின்ன சிலிண்டரின் போல்ட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, அதை ஹோஸோடு ஓரமாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் பிறகு லிவரை யாரும் அழுத்தக்கூடாது, எதிரே தடுக்க எஞ்சின் இல்லாததால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கடைக்கு வருகிற மனிதர்களுக்கோ நிற்கிற வண்டியின் லிவரைப் பிடித்துப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். அதனால் லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து, பழைய ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிடுவது என் வழக்கம். அன்றும் அப்படியே சுற்றிவிட்டு, எஞ்சினை இறக்கிப் பக்கத்தில் கட்டை மேல் வைத்தேன்.

மதியம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். மகன் போன பிறகு அந்த வண்டியை அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. “உன் உயரத்துக்கு ஒட்டடை அடிக்க ஏணிகூட வேணாம், அப்பவும் கடை இந்த லட்சணத்துல இருக்கு” என்றாள். அவள் வாயில் கேலியைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன்.

அங்கே இருக்கும்போது பேச்சுச் சத்தம் கேட்டது, போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். “கையை ஏன்டா இப்படிக் கட்டிப் போட்டுட்டாங்க? வலிக்குதா?” என்பது காதில் விழுந்ததும் திரும்பி ஓடிவந்தேன். அக்கா ட்யூபை அவிழ்த்து மரக்கட்டையை எடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, காய்ச்சல்காரனின் கையைப் பிடிப்பதுபோல் லிவரையும் கைப்பிடியையும் சேர்த்து அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். பிஸ்டன் வெளியே வந்து, ஆயில் சொட்டத் தொடங்கியிருந்தது.

அதே சமயம் அத்தான் வாசல் வழியாக உள்ளே வந்தார். “ஐயோ, போகுதே!” என்று கத்திக்கொண்டு பாய்ந்து, இடது கையால் அக்காவை ஒதுக்கித் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அந்தச் சிலிண்டருக்குக் கீழே பிடித்தார். ஸ்டூல் சாய்ந்து அக்கா பக்கவாட்டில் விழுந்தாள், கட்டை மேல் இருந்த எஞ்சினின் விளிம்பு அவள் காதுக்குப் பின்னால் பட்டது. அத்தான் திரும்பவில்லை, ஆயிலை ஏந்திக்கொண்டிருந்தார். நான் “அக்கா” என்று கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கையில் பிடித்திருந்த அத்தனையும் கீழே நான் வைத்திருந்த தட்டில் கொட்டிப்போக, அந்தக் கைகளாலேயே அவளைத் தூக்கினார். அவள் புடவையில் இருக்கும் ஆயில் கறை அப்படி வந்தது. அதற்கு முன் சொட்டியதும் அதே தட்டில்தான் விழுந்தது. தரையில் ஆயில் இல்லை, அவள் செருப்பிலும் இருக்காது. எடுத்துப் பார்க்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆட்டோவில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது, அத்தான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். “நானா வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுடா. அந்த மனுஷனைத் தனியா விட்டுடாத” என்றாள். அதன் பிறகு பேசவில்லை. உள்ளே கொண்டுபோன சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது.

அத்தான் இங்கே வந்ததிலிருந்து “நான்தான் கொன்னுட்டேன், எழுதிக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மையில்லை. அக்கா சொன்னதும் உண்மையில்லை. அவர் தள்ளினார், ஆனால் தள்ளியபோது அவர் கண்ணுக்கு அக்கா தெரியவில்லை, மகன் ஊற்றிய ஆயில்தான் தெரிந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள், அன்று என் கடையில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு அவர்மேல் ஆத்திரம் இருக்கிறது. அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் கண்டது கண்டபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவும் இல்லை. அக்கா சொன்ன இரண்டில் ஒன்றை இந்த இடத்தில் மீறிவிட்டேன். மற்றதையாவது நான் செய்ய வேண்டும். அத்தானை விடும்போது எந்நேரமானாலும் எனக்குச் சொல்லி அனுப்பவும், அந்த வீட்டில் கதவைத் திறந்துவிட இப்போது யாரும் இல்லை.

(கையொப்பம்)