பாலம் கேட்காத மனு

"பாலம் வேணாம்ணா. அத எழுதாதீங்க."

கள்ளக்குறிச்சியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம், எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னது இது. கல்வராயன் மலையிலிருந்து முதல் பேருந்தில் வந்தவர்.

"ஓடையில பாலம் இல்லாம பொண்ணு பள்ளிக்கூடம் போவ முடியலன்னுதானம்மா சொன்ன?"

"அத மூணு வாட்டி எழுதிக் குடுத்தாச்சு. முன்னெல்லாம் மழ நின்னா ரெண்டு நாள்ல தண்ணி வடிஞ்சிடும். இப்ப பருவமே மாறிப் போச்சு. ஒரு மாசத்து மழ ஒரே நாள்ல கொட்டுது. வாரக்கணக்குல ஓடை ஓடிக்கினே இருக்குது. பொண்ணு எட்டாவதோட நின்னுட்டா."

"அப்ப இன்னாதான் எழுதறது?"

அந்தப் பெண், பள்ளியில் கேட்டு வாங்கிய ஒரு தாளை நீட்டினார். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியல். மனு எழுதுபவர் அவருடைய மகளின் பெயருக்கு நேரே விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். "காரணம்: படிப்பில் விருப்பமின்மை."

"அத அடிச்சிட்டு ஓடைன்னு போடச் சொல்லுங்க."

"அதனால இன்னா வந்துடப் போவுது?"

"ஓடைன்னு போட்டா கெவருமெண்டு பதில் சொல்லணும். விருப்பமில்லன்னா எம்பொண்ணுதானண்ணா பதில் சொல்லணும்?"

மனு எழுதுபவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "பொண்ணு இப்ப எங்க?"

"குடகுல. காபித் தோட்டத்து வேலைக்குப் போயிட்டா."

எழுதி முடித்தவர் கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் திறந்தார்.

"பேனா குடுங்கண்ணா. கையெழுத்தே போடுவேன். அவதான் கத்துக் குடுத்தா."