நூற்று அறுபத்தேழு டிகிரி

காபி நல்ல சூடு, அம்மா. கொஞ்சம் பொறுத்துக் குடியுங்கள். சுகாதாரத் துறையிலிருந்து இந்தப் பனியில் இரண்டாவது முறையாக வந்திருக்கிறீர்கள். போன முறை நான் சொன்னது உண்மையல்ல. உட்காருங்கள், சொல்கிறேன்.

நவம்பர் வியாழனில் வரும் நன்றி நாள் விருந்துக்கு எங்கள் ட்வெட் வீட்டில் செய்யும் வான்கோழியை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவின் முறை அது. புதன்கிழமை மாலை ஓவனில் வைத்தால் வியாழன் நண்பகல் வரை கதவைத் திறக்கக் கூடாது, கறியைக் குத்திப் பார்க்கக் கூடாது. தண்ணீர் கொதிக்க ஃபாரன்ஹீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். எங்கள் ஓவனை இருநூறுக்கு மேல் வைக்க மாட்டோம். தேவாலயப் பெண்கள் போட்ட சமையல் புத்தகத்தில், முப்பத்தொன்றாம் பக்கத்தில், அம்மாவின் பெயரோடு அது அச்சாகியிருக்கிறது. மறுநாள் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வயிறு கெடும். அதற்கு நவம்பர்க் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தோம். என் மகன் டேல், "வெள்ளிக்கிழமை பாத்ரூமுக்கு இப்பவே டோக்கன் குடுத்துருங்கப்பா" என்பான். எல்லோரும் சிரிப்போம். அம்மா இருந்தவரை அவர் மட்டும் சிரித்ததில்லை.

இந்த வருடம் பறவையை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்க மறந்துவிட்டேன். என் மனைவி லோர்னாவுக்கு இரத்தப் புற்றுநோய். அந்த வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தேன். நன்றி நாளன்று தன் மேசையில் உட்கார வேண்டும் என்று அவள் கேட்டதால் புதன்கிழமை அனுப்பினார்கள். அன்று மாலை பார்த்தால் இருபது பவுண்டுப் பறவை கல்லாக இருந்தது. அப்படியே ஓவனில் வைத்தேன்.

வியாழன் காலை டேலின் மனைவி ரெனே வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையைப் பார்த்துக்கொள்பவள். அன்னாசியும் க்ரீமும் போட்ட சோற்று இனிப்பு கொண்டு வந்திருந்தாள்.

"பறவைய முன்னாடியே வெளிய எடுத்து உருக வச்சுட்டீங்கல்ல, மாமா?"

"ஞாயித்துக்கிழமையே."

பையிலிருந்து கறியில் குத்தும் தெர்மாமீட்டரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. அத்தை உடம்புல இப்ப எதிர்த்து நிக்கத் தெம்பு இல்ல. எலும்புக்கிட்ட நூத்தறுபத்தஞ்சு காட்டணும். காட்டலன்னா எங்க வீட்டுல ஹாம் இருக்கு, வெந்த பன்னிக்கறி, ஓடிப் போய் எடுத்துட்டு வரேன். நீங்களே பாருங்க. உங்க அடுப்புல நான் கை வைக்க மாட்டேன்."

மரியாதை தெரிந்த பெண். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

விருந்துக்கு வந்த பாதிரியாரும் அவர் மனைவியும் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஓவனைத் திறந்து தொடையில் குத்தினேன். நூற்றுப் பதினெட்டு. ட்வெட் மேசையில், பாதிரியார் முன்னால், மருமகள் வீட்டு ஹாம். அதைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். பிறகு தெர்மாமீட்டரைக் காபிக் குடுவைக்குள் விட்டேன். முள் நூற்று எண்பதுக்குப் போனது. அது அதிகமாகப் பட்டது. வெளியே எடுத்து, நூற்று அறுபத்தேழுக்கு இறங்கும்வரை காத்திருந்து, துடைத்து, தொடையில் செருகி ரெனேயைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தாள். "சரியா இருக்கு. மன்னிச்சுக்கோங்க மாமா" என்றாள். மன்னித்தேன்.

லோர்னா சமையலறை ஜன்னலோரம் போர்வைக்குள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். திரும்பியபோது கண்கள் திறந்திருந்தன.

"காபி வேணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். இன்னைக்கு அதுல வான்கோழி வாசம் அடிக்கும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறியை வெட்டுவது என் வேலை. எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்தது. நாற்பத்தொன்பது வருடங்களாகத் தொடைக்கறி லோர்னாவுக்குத்தான். வழக்கத்தை மாற்றினால் ரெனே கவனிப்பாள். லோர்னாவின் தட்டிலேயே வைத்தேன். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"இன்னொரு துண்டு வை, ஆர்வில்."

"பசி திரும்பிடுச்சு, பாருங்க" என்று பாதிரியார் மகிழ்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை லோர்னா போய்விட்டாள். நீங்கள் வந்து கேட்டபோது ரெனேயின் சோற்று இனிப்புதான் காரணம் என்று சொன்னேன். டேலும் அதை நம்பினான். பள்ளி வேலையிலிருந்து ரெனேயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடக்கத்தன்று அவள் கதவருகே, கோட்டு மாட்டும் இடத்தில் நின்றிருந்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை.

அவள் பாத்திரத்தில் கிருமி எதுவும் இல்லை, வான்கோழி எலும்பில்தான் இருந்தது என்கிறீர்கள். சரி. எழுதிக்கொள்ளுங்கள்: செய்தது நான், ஆர்வில் ட்வெட். ரெனே அல்ல.

கூடவே இதையும் எழுதுங்கள். லோர்னா எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்த பிறகும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள். கறி நன்றாக இல்லையென்றால் கேட்டிருப்பாளா?