சித்தரிக்கப்பட்ட காட்சி

ஜன்னலாண்டல்லாம் ஒக்கார மாட்டேன் தம்பி. அங்கதான் வெளிச்சம் நல்லா கீதா? இருந்துட்டு போவட்டும். போன தபா ஒங்க டிவிலேர்ந்து வந்த பொண்ணும் இப்டிதான் சொல்லிச்சு. ஜன்னலாண்ட ஒக்காந்து வெளிய பாருங்கக்கா, அவர நெனச்சிக்கோங்கக்கான்னு. நெனச்சேன். அழுவ வந்துது. அந்த அழுவய எங்க கொண்டுபோயி ஒட்டினீங்க? குடிச்சிட்டு பாய்லராண்ட தூங்கிட்டாரான்னு ஒரு கொரலு கேக்குதே, அதுக்கு அடுத்தாப்ல! பாக்கறவன் இன்னா நெனப்பான்? பொண்டாட்டியே ஒத்துக்கினு அழுவறான்னு நெனக்க மாட்டான்?

நீ கம்முனு இரு. நான் பேசறேன்.

எங்க ஊட்டுக்காரு கோவிந்தராஜ் குடிக்க மாட்டாரு. அந்த வாடையே ஆவாது அவருக்கு. எங்க கல்யாணத்துல எம் மாமன் ஊத்திகினு வந்து கட்டிப் புடிச்சிச்சு. கய்த்துல மாலையோட மண்டபத்துக்கு பின்னால போயி வாந்தி எடுத்த மனுசன் அவரு. மேனாம்பேட்டுல யார வேணா கேளு. நீ கேட்டியா? கம்பெனில அப்ப சூப்பர்வைசரா இருந்தாரே சிவராமன், அவர மட்டும் சோபால ஒக்கார வெச்சி கேட்ட. பாய்லரு வால்வு சரியில்ல சார், மாத்துங்க சார்னு எங்க ஊட்டுக்காரு போயி போயி கெஞ்சினதே அந்தாளாண்டதான். அவருக்கு வேற யாரு மேல பழிய போடத் தோணும்?

செரி, அவரு சொன்னாரு, நீ கேட்ட. பாட்டிலு எங்கேர்ந்து வந்துது? பாத்தேன்னு அவரு கூட சொல்லலியே. குடிச்சிருக்கலாம்னுதான சொன்னாரு? அந்த ஒரு வார்த்தைய வெச்சிகினு ஒரு ஆள புடிச்சி, காக்கி சட்ட மாட்டி, மூஞ்ச காட்டாம கைய மட்டும் காட்டி, பாட்டில தொறக்க வெச்சிட்ட. கருப்பு வெள்ளைல. பின்னால கடியாரம் டிக்கு டிக்குன்னுது. மழ பெய்யுது, இடி இடிக்குது. பாய்லரு வெடிச்சது அக்னி நட்சத்திரத்துல தம்பி! கைக்கொயந்தய இடுப்புல வெச்சிகினு கம்பெனி கீற எஸ்டேட்டு வரைக்கும் ஓடினேன். ரோட்டுல தாரு உருகி செருப்பு ஒட்டிக்கிச்சு, அப்டியே வுட்டுட்டு ஓடினேன். ஏது மழ?

இன்னாது? ஆமா, போட்டீங்க. மூலைல, எறும்பு சைசுல, சித்தரிக்கப்பட்ட காட்சின்னு. அத்தயெல்லாம் மங்களம் படிச்சாளா? மங்களம் யாருன்னா, அதே வெடில செத்தாரே பச்சையப்பன், அவரு சம்சாரம். அன்னிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊடு மாதிரிதான். நான் மீனு வாங்கினா அவளுக்கும் கொயம்பு போவும். நீ போட்ட மறுநாளு போறேன், கதவ தொறக்க மாட்றா. உள்ளார இருந்துகினே கேக்கறா, உம் புருஷன் குடிச்சிட்டு தூங்கினதுக்கா பேபி எம் புருஷன் வெந்து செத்தாருன்னு. இல்லடீ, மெய்யாலுமே இல்லடீன்றேன். நான்தான் கண்ணால பாத்தனேன்றா. கண்ணால பாத்தாளாம்!

அந்த போட்டோ வேற. நம்பி குடுத்தேன் கல்யாண போட்டோவ. அதுல என்னிய வெட்டிட்ட. ஃபிளாஷ் பட்டு அவரு கண்ணு லேசா செவந்திருக்கும், அத்த கிட்ட கிட்ட கொண்டாந்து, இன்னும் செவப்பாக்கி, திருடன் மாதிரி ஆக்கிட்ட.

இப்ப ரெண்டாவது பாகம் எடுக்க வந்துகீற. எங்க தரப்பு. எடு. நேரா எம் மூஞ்சிய பாத்து எடு. மியூசிக்கு போடாத, நடுவுல வெட்டாத. ஆனா மொதல்ல மங்களத்தாண்ட வா. அந்த பாட்டில நாங்கதான் வாங்கி வெச்சோம்னு உன் வாயால சொல்லு. அப்பால கேமராவ வை.

வரியா? இப்பவேவா? செரி, செருப்ப மாட்டு.

இன்னா? அந்த வீடியோவ யூடியூப்லேர்ந்தே தூக்கிடறியா?

வேணாம். இரு, இரு. தூக்காத.

கோவமெல்லாம் ஒண்ணும் போவல. பாட்டில வெட்டு, மழய வெட்டு, போட்டோவ வெட்டு. ஆரம்பத்துல உன் ஆளு டிபன் பைய மாட்டிகினு, முதுக காட்டிகினு, கேட்டுக்குள்ள நடந்து போறான்ல? அத்த மட்டும் வுட்டு வை. சுவேதாவுக்காவ சொல்றேன். எம் பொண்ணு. அன்னிக்கி இடுப்புல இருந்த கொயந்த அவதான். அவங்கப்பா நடக்கற மாதிரி ஒரு படங்கூட எங்களாண்ட கெடையாது, எல்லாம் நிக்கற போட்டோதான். இஸ்கூலு வுட்டு வந்ததும் எம் போன எடுத்துகினு அந்த எடத்த பாக்கறா. திருப்பி திருப்பி பாக்கறா. பாட்டிலு வரதுக்குள்ள நிறுத்திடுவா. முந்தாநேத்து கேக்கறா, அப்பா இப்டிதான் நடப்பாராம்மா, மெதுவா மெதுவான்னு.

நீ ஸ்லோ பண்ணி வுட்டுகீற. அந்த மனுசன் ஒரு நாளும் மெதுவா நடந்ததில்ல தம்பி. எங்க போனாலும் பாதி ஓட்டம்தான்.

ஆமாடீ, இப்டிதான் நடப்பாருன்னுட்டேன்.